இடுப்பு வலிக்கு ‘கரண்ட்’ வச்சா போதுமா?

பத்மநாபபுரம் பக்கம் விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டப் போகிறவருக்கும் சரி, வீட்டிலிருந்தே லேப்டாப்பில் வேலை பார்ப்பவருக்கும் சரி, இடுப்பு வலி வந்தால் முதல் கேள்வி இதுதான்: “கரண்ட் வச்சா சரியாயிருமா?”

அது மட்டும் போதாது. 12 வாரங்களைத் தாண்டியும் நீடிப்பது நாள்பட்ட வலி. இதற்காக உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. டென்ஸ் எனப்படும் மின்தூண்டல், அல்ட்ராசவுண்ட், டிராக்‌ஷன், இடுப்பு பெல்ட் ஆகியவற்றை வழக்கமான சிகிச்சையாக அது பரிந்துரைக்கவில்லை. உடற்பயிற்சி, வலியைப் பற்றிய விளக்கம், மசாஜ் போன்றவற்றைப் பரிந்துரைத்தது.

வலிக்கும்போது எதுக்கு அசையணும்?

சுமார் 90 சதவீதம் பேருக்கு இன்னதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்ட முடியாது. வலிக்கிறது என்பதாலேயே எலும்பு தேய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பயந்து படுத்தே கிடந்தால் தசை பலவீனமாகும். பிறகு சின்ன அசைவுகூட வலிக்கும்.

எந்தப் பயிற்சி?

உங்களால் விடாமல் செய்ய முடிவது எதுவோ, அது. 2024-ல் லான்செட் இதழில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில், இடுப்பு வலி வந்து சரியான 701 பேர் பங்கேற்றனர். ஃபிசியோதெரபிஸ்ட் வழிகாட்டலில் நடந்தவர்களில் பாதிப் பேருக்கு வலி திரும்ப 208 நாள் ஆனது. மற்றவர்களுக்கு 112 நாள்தான். அரண்மனைக் கோட்டைச் சுவரோரம் பத்து நிமிடம் நடந்தாலே தொடங்கியாச்சு. மெல்லக் கூட்டலாம்.

எப்போ டாக்டரிடம் ஓடணும்?

கால் மரத்துப் பலவீனமானாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ, காய்ச்சலோடு வலித்தாலோ உடனே போங்க. அப்போது பயிற்சி வேண்டாம், பரிசோதனைதான் முதலில்.