தங்கவயல் வீட்டில் கம்பியில்லா இணைப்பு: கோளாறு எங்கே?

கோலார் தங்கவயலுக்குத் தங்கத்தால் வந்த பெருமை ஊரறிந்தது. விஞ்ஞானத்தால் வந்த பெருமை ஒன்றும் உண்டு. 1965-ஆம் ஆண்டு, இங்குள்ள சுரங்கத்தில் இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் தடயம் பதிவாயிற்று. டாட்டா ஆராய்ச்சி நிலையத்தாருடன் ஜப்பானிய, ஆங்கிலேய விஞ்ஞானிகளும் சேர்ந்து செய்த சோதனை அது. அத்தனை பாறையையும் ஊடுருவி வரும் துகள் அது. ஆனால் அதே ஊரில், ஒரு தகரத் தடுப்பைத் தாண்ட முடியாமல் திண்டாடுகிறது வைஃபை அலை!

இது வேடிக்கைக்குச் சொல்வதல்ல. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்ட பின், நம்மவர் பலர் மாரிக்குப்பத்திலிருந்து ரயிலேறிப் பெங்களூர் சென்றுதான் பிழைக்கிறார்கள். வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலை ஒன்று கிடைத்தால், அன்றாடம் பல மணி நேரப் பயணம் மிச்சம். அதற்கான நேர்முகத் தேர்வின் நடுவே மடிக்கணினியின் இணைப்பு அறுந்தால், போவது ஒரு வாய்ப்பு. 2020-இல் பள்ளிப் பாடங்கள் இணையத்தில் நடந்தபோது இந்தத் தொல்லையைப் பெற்றோர் பலரும் கண்டார்கள்.

இணைப்பு விட்டுவிட்டு வந்தால், உடனே புதுக் கணினி வாங்கவோ, கம்பெனியை மாற்றவோ கிளம்ப வேண்டாம். முதலில் கோளாறு எங்கே என்று கண்டுபிடியுங்கள். செய்தி இரண்டு கட்டமாகப் பயணம் செய்கிறது. மடிக்கணினியிலிருந்து ரவுட்டர் பெட்டி வரை காற்றுவழி. பெட்டியிலிருந்து வெளியுலகத்துக்குக் கம்பிவழி. திரையின் மூலையில் தெரியும் வைஃபை கோடுகள் முதல் கட்டத்தை மட்டுமே காட்டும். கோடுகள் நிறைய இருந்தும் இணையம் வராமலிருப்பது இதனால்தான்.

சோதிப்பது எளிது. அதே இடத்தில் ஒரு செல்போனை அதே வைஃபையில் இணைத்து, அதன் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பாருங்கள். போனில் நன்றாக வந்தால் கோளாறு மடிக்கணினியில். இரண்டிலும் வரவில்லையென்றால், இரண்டையும் பெட்டியின் பக்கத்திலேயே கொண்டுபோய்ப் பாருங்கள். அங்கே சரியாக வந்தால் குறை காற்றுவழியில். அங்கும் வராவிட்டால் பெரும்பாலும் பெட்டியிலோ வெளிக்கம்பியிலோ.

காற்றுவழியில் முதல் எதிரி உலோகம். தகரத் தடுப்பும் இரும்பு பீரோவும் அலையைத் திருப்பி அனுப்பிவிடும். பெட்டியை பீரோவின் பின்னாலோ தரையிலோ வைக்காமல், வீட்டின் நடுவில், ஆளுயரத்தில் வையுங்கள். பல ரவுட்டர்களில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகள் உண்டு. முன்னது தூரம் போகும், ஆனால் நெரிசல் மிகுந்தது. மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் அதையே பயன்படுத்துகின்றன. பின்னது வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். ஆகவே பெட்டி உள்ள அறையில் 5, தள்ளியுள்ள அறையில் 2.4 என்று வைத்துக்கொள்ளலாம். வீடுகள் நெருக்கமான லைன்களில், ரவுட்டரின் 2.4 சேனலை 1, 6, 11 ஆகியவற்றில் நெரிசல் குறைந்த ஒன்றுக்கு மாற்றினால் பலன் தெரியும்.

கோளாறு மடிக்கணினியில் என்றால் மூன்று காரியங்கள் செய்யுங்கள். சேமித்த வைஃபை பெயரை நீக்கி, கடவுச்சொல் கொடுத்து மீண்டும் இணையுங்கள். வைஃபை டிரைவரைப் புதுப்பியுங்கள். விண்டோஸ் ஆனால், டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரைத் திறந்து, பவர் மேனேஜ்மெண்ட் என்ற பகுதி இருந்தால், மின்சாரம் மிச்சம் பிடிக்க அடாப்டரை அணைக்க அனுமதிக்கும் குறியை எடுத்துவிடுங்கள். சிறிது நேரம் சும்மா விட்டதும் இணைப்பு போய்விடும் கணினிகளுக்கு இது நல்ல மருந்து.

வெளியில்தான் குறை என்றால், ரவுட்டரை அணைத்து அரை நிமிடம் கழித்துப் போடுங்கள். அப்போதும் சரியாகாவிட்டால், அறுந்த நேரங்களை இரண்டு மூன்று நாள் குறித்து வைத்துப் புகார் கொடுங்கள். "அடிக்கடி போகிறது" என்பதைவிட, "மாலை 7 மணிக்குப் போய் 20 நிமிடம் கழித்து வருகிறது" என்றால் கேட்பவருக்கும் பிடி கிடைக்கும்.

செல்போனின் ஹாட்ஸ்பாட்டை நம்பியிருப்போர், தகரக் கூரை வீட்டில் போனை ஜன்னலோரம் வையுங்கள். கோபுரத்தின் அலை அங்கேதான் உள்ளே வரும்.

முக்கியமான நாளன்று மட்டும் காற்றை நம்பவே வேண்டாம். ரவுட்டரிலிருந்து ஈதர்நெட் கேபிளை மடிக்கணினியில் செருகுங்கள். ஹாட்ஸ்பாட் என்றால், போனை யுஎஸ்பி கேபிளால் இணைத்து, யுஎஸ்பி டெதரிங் வசதியைப் போடுங்கள். கம்பியின் அருமை தங்கவயலுக்குப் புதிதல்ல. 1902-இலேயே சிவசமுத்திரத்திலிருந்து நெடுந்தூரம் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்த ஊராயிற்றே!

இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை. விவரம் தெரிந்த இளைஞர்கள், தேர்வுக்கு முதல் நாளே பக்கத்து வீட்டுத் தம்பி தங்கைகளுக்கு இதைச் செய்து கொடுத்தால், அதைவிடச் சிறந்த சங்கப்பணி வேறென்ன?