திருவண்ணாமலை டூ இருங்காட்டுக்கோட்டை: ரோடுக்கும் ரேஸ் டிராக்குக்கும் ஒரே டயர் போதுமா?

திருவண்ணாமலையில் பைக்கை எடுத்து, காஞ்சிபுரம் வழியா இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குப் போய் ஓட்டிட்டு, அதே பைக்கில் வீடு திரும்பணும். போக வர சுமார் 300 கி.மீ. எந்த டயர் போடலாம்?

பள்ளமே இல்லாத ‘ஸ்லிக்’ டயரை மறந்துடுங்க. சூடு ஏறினால்தான் அந்த ரப்பர் பிடிக்கும். மழைத்தண்ணி வெளியேற அதில் வழியே இல்லை. கார்த்திகை மாச மழையில் நம்ம ஊர் ரோடு எப்படி இருக்கும்னு தெரியும்ல?

பொருத்தமானது ‘டூயல் காம்பவுண்ட்’ ஸ்போர்ட் டயர். நேராக ஓடும்போது தேயும் நடுப்பகுதி கெட்டியாகவும், வளைவில் சாயும்போது தரையைத் தொடும் ஓரங்கள் மென்மையாகவும் இருக்கும். நெடுஞ்சாலையில் சீக்கிரம் தேயாது, டிராக்கிலும் கிரிப் கிடைக்கும்.

அகலமான டயர் போட்டாலே கிரிப் கூடும்னு பலர் நம்புறாங்க. ரிம்முக்குப் பொருந்தாத அகலம் என்றால் டயரின் வடிவமே மாறி, வளைவில் பைக் சரியாகச் சாயாது.

வாங்கும்போது பக்கவாட்டில் இருக்கும் குறியீட்டைப் பாருங்க. ‘எஸ்’ என்றால் அதிகபட்சம் மணிக்கு 180 கி.மீ., ‘எச்’ என்றால் 210. தேதி எண் ‘2324’ என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரத் தயாரிப்பு.

பலர் கோட்டை விடுவது காற்றில்தான். டிராக்கில் டயர் சூடேறி அழுத்தம் கூடும் என்பதால், முன்கூட்டியே கொஞ்சம் குறைத்து வைப்பார்கள். டயர் ஆறியதும் மறுபடி நிரப்பாமல் கிளம்பினால், இருட்டில் ஒரு குழி போதும், ரிம்மே நெளிஞ்சிடும். கையடக்க பம்ப்பும் பிரஷர் கேஜும் பையில் இருக்கட்டும்.