பிழை மறுமொழிகளுக்கான கேஷ் ஹெடர்கள்

வலை வழங்கி ஒரு பக்கத்தை அனுப்பும்போது, அதை எவ்வளவு நேரம் சேமித்து வைத்து மறுபடி பயன்படுத்தலாம் என்பதையும் சேர்த்தே சொல்ல முடியும். அதைச் சொல்லும் வரி கேஷ்-கன்ட்ரோல் ஹெடர் எனப்படுகிறது. கேஷ் என்றால் இங்கே பணம் அன்று. ஒருமுறை வாங்கியதை மறுபடி கேட்கும்போது உடனே கொடுப்பதற்காகப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் தற்காலிகச் சேமிப்பு. உலாவியிலும், உலாவிக்கும் மூல வழங்கிக்கும் நடுவே இருக்கும் சிடிஎன் போன்ற இடைநிலை வழங்கிகளிலும் இது நடைபெறுகிறது.

சரியான பக்கத்தைப் போலவே "பக்கம் இல்லை" என்ற பிழையும் சேமிக்கப்படலாம். தேர்வு முடிவுப் பக்கம் ஒன்று காலை 10 மணிக்கு ஏற்றப்பட இருக்கிறது என்று கொள்வோம். ஆவல் தாங்காத ஒரு மாணவர் 9.58க்கே அந்த முகவரியைத் திறக்கிறார். வழங்கி 404 என்ற நிலைக் குறியீட்டை அனுப்புகிறது. இடைநிலை வழங்கி அதை ஒரு மணி நேரத்துக்குச் சேமித்துவிட்டால், பக்கம் ஏறிய பிறகும் 10.58 வரை அவ்வழியே வருவோர் அனைவருக்கும் "இல்லை" என்பதே பதில். மூல வழங்கியை நேராகப் பார்க்கும் நிர்வாகிக்கோ பக்கம் நன்றாகத் தெரியும்.

எந்தப் பிழைகள் சேமிக்கப்படும்?

2022ஆம் ஆண்டு வெளியான ஆர்எஃப்சி 9110 என்னும் எச்டிடிபி விதிநூலின்படி, கால அளவு எதுவும் சொல்லப்படாவிட்டாலும் 404, 405, 410, 414, 501 ஆகிய பிழைகளைச் சேமிப்பகம் தன் கணிப்பின்படி வைத்துக்கொள்ளலாம். 500, 502, 503 போன்றவற்றுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஹெடர் வெளிப்படையாக அனுமதித்தால்தான் அவற்றைச் சேமிக்கலாம். அளவுக்கு மீறிக் கோரிக்கை அனுப்புவோருக்குத் தரப்படும் 429ஐச் சேமிக்கவே கூடாது என்று ஆர்எஃப்சி 6585 தடுக்கிறது.

சிடிஎன் நிறுவனங்கள் தமக்கென்றும் இயல்பு அளவு வைத்திருக்கின்றன. ஹெடர் இல்லாத 404ஐ கிளவுட்ஃபிளேர் 3 நிமிடமும், அமேசானின் கிளவுட்ஃபிரன்ட் 10 நொடியும் வைத்துக்கொள்வது இயல்பமைப்பு. ஆகவே நாம் ஒன்றும் சொல்லாமல் விட்டால் யாரும் சேமிக்கமாட்டார்கள் என்று எண்ணக் கூடாது.

என்ஜின்எக்ஸ் வழங்கியில்

இங்கே "ஆட்_ஹெடர்" என்ற கட்டளைதான் ஹெடரைச் சேர்க்கிறது. 200, 204, 301, 304 போன்ற சில குறியீடுகளுக்கு மட்டுமே இது இயல்பாகச் செயல்படும், பிழைகளுக்குச் செயல்படாது. நிர்வாகி "நோ-ஸ்டோர்" என்று எழுதி வைத்திருப்பார். 404 பதிலில் அந்த வரியே இராது. வரியின் முடிவில் "ஆல்வேஸ்" என்ற சொல்லைச் சேர்த்தால் எல்லாக் குறியீடுகளுக்கும் ஹெடர் போகும். 1.7.5 பதிப்பிலிருந்து இவ்வசதி உள்ளது.

ஆனால் அந்தச் சொல்லைக் கண்ட இடத்திலெல்லாம் ஒட்டுவது முன்னதைவிடப் பெரிய தொல்லை. படங்களுக்கும் சிஎஸ்எஸ் கோப்புகளுக்கும் "மேக்ஸ்-ஏஜ்=31536000", அதாவது 365 நாள், என்று ஆயுள் கொடுப்பது வழக்கம். அதன் பக்கத்தில் "ஆல்வேஸ்" இருந்தால் 404க்கும் ஓர் ஆண்டு ஆயுள் கிடைத்துவிடும். புதிய பதிப்பை ஏற்றும்போது எச்டிஎம்எல் முதலில் போய், சிஎஸ்எஸ் சில நொடி தாமதமாகப் போனாலே போதும். அந்த இடைவெளியில் வந்தவரின் உலாவி "இந்தக் கோப்பு இல்லை" என்பதை நெடுநாள் நினைவில் வைத்துக்கொள்ளும். சிடிஎன் சேமிப்பை நாம் அழித்துவிடலாம். ஊரார் கைப்பேசிகளில் இருப்பதை அழிக்க வழியில்லை.

சரியான வழி, நிலைக் குறியீட்டைப் பார்த்து மதிப்பை மாற்றுவது. "மேப்" என்ற கட்டளையால், 4இல் தொடங்கும் குறியீட்டுக்கு ஒரு மதிப்பு, 5இல் தொடங்குவதற்கு வேறொன்று, மற்றவைக்கு வழக்கமான நீண்ட ஆயுள் என்று அமைத்து, அந்த மாறியை "ஆல்வேஸ்" உடன் ஆட்_ஹெடரில் தரலாம். இன்னொன்று: உள்ளே உள்ள "லொகேஷன்" பகுதியில் ஓர் ஆட்_ஹெடர் எழுதினால், வெளியே எழுதியவை இயல்பாக அதற்குள் இறங்கிவராது.

அப்பாச்சியிலும் இதே கதைதான். "ஹெடர் செட்" வெற்றி மறுமொழிகளுக்கானது. பிழைகளுக்கு "ஹெடர் ஆல்வேஸ் செட்" வேண்டும். இரண்டும் தனித்தனிப் பட்டியல்கள் என்பதால், இரண்டிலும் எழுதினால் ஒரே ஹெடர் இருமுறை போகக்கூடும்.

எவ்வளவு நேரம் தருவது?

404க்கு 30 முதல் 60 நொடி பொருத்தம் என்பது என் கருத்து. முற்றிலும் தடுத்துவிடுவது நல்லதன்று. இல்லாத முகவரிகளையே விடாமல் தட்டும் தானியங்கி நிரல்கள் ஏராளம், அந்தச் சுமையெல்லாம் மூல வழங்கியின் தலையில் விழும். நிரந்தரமாக நீக்கியதைக் குறிக்கும் 410க்குக் கூடுதல் நேரம் தரலாம். 401, 403 ஆகியவை ஆளைப் பொறுத்தவை, எனவே "நோ-ஸ்டோர்".

500 வரிசைக்கும் "நோ-ஸ்டோர்" தான். 503 உடன் "ரீட்ரை-ஆஃப்டர்" ஹெடரில் எத்தனை நொடி கழித்து வரலாம் என்று சொல்லலாம். வழங்கி விழுந்திருக்கும் நேரத்தில் பழைய நல்ல பிரதியைக் காட்டுவது இன்னும் மேல். 2010இல் வந்த ஆர்எஃப்சி 5861 இதற்காகவே "ஸ்டேல்-இஃப்-எரர்" என்ற குறிப்பைத் தந்தது. "மேக்ஸ்-ஏஜ்=600, ஸ்டேல்-இஃப்-எரர்=86400" என்றால், 10 நிமிடம் கடந்த பிரதியையும், மூல வழங்கி பிழை தந்தால் மேலும் ஒரு நாள் வரை கொடுக்கலாம். இதை எழுத வேண்டியது வெற்றி மறுமொழியில். பிழை மறுமொழியில் எழுதிப் பயனில்லை.

தாக்குதலும் நடக்கலாம்

2019இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் சிபிடிஓஎஸ் என்னும் தாக்குதல் முறையை வெளியிட்டனர். தாக்குபவர் அளவு மீறிய ஹெடருடன் ஒரு கோரிக்கை அனுப்புவார். இடைநிலை வழங்கி அதை ஏற்று முன்னே அனுப்பும். வரம்பு குறைந்த மூல வழங்கி மறுத்து 400 என்ற பிழையைத் தரும். அந்தப் பிழை அம்முகவரிக்குரிய பக்கமாகச் சேமிக்கப்பட்டுவிட்டால், பின்னர் முறையாக வருவோருக்கும் பிழையே கிடைக்கும். தளத்தை முடக்க ஒரே கோரிக்கை போதும்.

சோதிக்கும் முறை

முதலில், பிழைப் பக்கம் பிழைக் குறியீட்டுடன்தான் வருகிறதா என்று பாருங்கள். "மன்னிக்கவும், பக்கம் இல்லை" என்ற எழுத்துகளை 200 குறியீட்டுடன் அனுப்பும் தளங்கள் உண்டு. அங்கே மேற்சொன்ன அமைப்பு எதுவும் பலிக்காது. பிறகு கர்ல் கருவியால், இல்லாத ஒரு முகவரியைச் சில நொடி இடைவெளியில் இருமுறை கேளுங்கள். இரண்டாம் பதிலில் "ஏஜ்" ஹெடரின் எண் கூடியிருந்தால், அது சேமிப்பிலிருந்து வந்த பிழை. அந்த எண் நீங்கள் கொடுத்த வரம்பைத் தாண்டியும் கூடிக்கொண்டே போனால், சிடிஎன் தன் சொந்த அமைப்பைப் பின்பற்றுகிறது. அதன் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் போய் மாற்ற வேண்டும்.