நாயக்கர்: ஒரு பட்டப்பெயர் எங்கெங்கே போயிருக்கிறது?

போன வருஷம் டர்பனிலிருந்து ஒரு அம்மா மின்னஞ்சல் போட்டிருந்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. குடும்பப் பெயர் நாயக்கர். அவர்கள் ஊரில் அதை 'நைக்கர்' என்றுதான் உச்சரிப்பார்களாம். கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போனவர் என்பதைத் தவிர குடும்பத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. இணையத்தில் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கண்ணில் 'போடிநாயக்கனூர்' பட்டிருக்கிறது. "எங்கள் பெயரிலேயே ஒரு ஊர் இருக்கிறதே, அதுதான் எங்கள் பூர்வீகமா? பேரனோடு மதுரைக்கு டிக்கெட் போடலாம் என்றிருக்கிறேன்" என்று கேட்டிருந்தார். ஊர் சுற்றிக் காட்டுகிற யாரோ ஒருவர் 'ஆமாம், அதேதான்' என்று ஏற்கெனவே சொல்லியும்விட்டாராம்.

நான் போடிக்காரன். ஆமாம்னு சொல்லிடத்தான் ஆசை. ஆனால் சொல்ல முடியவில்லை. ஏன் என்று அவருக்கு எழுதிய பதில் நீண்டுபோய், இப்போது இந்தக் கட்டுரையாக நிற்கிறது.

குடும்பப் பெயரை வைத்து ஊரைத் தேடுவது அயர்லாந்துக்காரர்களுக்குப் பெரிய பொழுதுபோக்கு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அங்கே எடுத்த கிரிஃபித் நிலமதிப்பீட்டுப் பதிவேடும், 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளும் இருப்பதால், ஓ'சல்லிவன் என்றால் கார்க், கெர்ரி மாவட்டங்கள் என்று வரைபடத்தில் புள்ளி வைத்தே காட்டிவிடுவார்கள். அமெரிக்காவில் பிறந்த சல்லிவன் நேரே அங்கே போய் இறங்குகிறார். 'ஓ' என்றால் பேரன், 'மேக்' என்றால் மகன். பெரும்பாலும் பெயருக்குப் பின்னால் ஒரு மூதாதை இருக்கிறார், அவரைச் சுற்றி ஒரு நிலப்பரப்பு இருக்கிறது.

அதே வேலையை நாயக்கரை வைத்துச் செய்து பார்த்தால் கணக்கு உடைந்துவிடுகிறது. காரணம் எளியது. நாயக்கர் என்பது யாருடைய மகன் என்று சொல்கிற பெயர் இல்லை. என்ன உத்தியோகம் என்று சொல்கிற பெயர்.

சமஸ்கிருதத்தில் 'நீ' என்றால் நடத்திச் செல்வது. நடத்திச் செல்பவன் நாயகன். விஜயநகரப் பேரரசில் படை வைத்துக்கொண்டு, அதற்காக நிலத்தின் வருமானத்தை அனுபவித்த தலைவர்களுக்கு அது பதவிப் பெயரானது. தமிழ் வாய்க்கு வந்தபோது ககரம் இரட்டித்து நாயக்கன், மரியாதை சேர்ந்து நாயக்கர். பழைய பத்திரங்களில் நாயக்கன், நாய்க்கன், நாயகர், நாய்க்கர் என்று எழுதினவர் கைக்கு வந்தபடியெல்லாம் இருக்கும். (மணிரத்னத்தின் 1987 படத்துக்குத் தலைப்பு நாயகன், அதன் நாயகன் பெயர் வேலு நாயக்கர். ஒரே சொல்லை மூன்று வேலைக்கு வைத்த படம். எத்தனை தடவை பார்த்தும் இது எனக்கு உறைக்கவில்லை, இந்தக் கட்டுரைக்காக உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது.)

1529இல் மதுரையில் விசுவநாத நாயக்கர் ஆட்சி தொடங்குகிறது. அவரும் தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்ததாகச் சொல்வது மரபு. அந்தப் பாளையங்களில் ஒன்றுதான் போடி. போடி ஜமீன் குடும்பத்தின் மரபுக்கதை, தங்கள் முன்னோர் ஆந்திரத்தின் குத்திப் பக்கமிருந்து தெற்கே வந்தவர்கள் என்கிறது. எட்டயபுரம், பாஞ்சாலங்குறிச்சி பாளையக்காரர்களைப் போல ராஜகம்பளத்து நாயக்கர்கள். 'போடி' என்பது அந்தக் குடும்பத்துத் தலைவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தாங்கிவந்த பெயர். போடி நாயக்கருடைய ஊர், அவ்வளவுதான் ஊர்ப் பெயருக்கு அர்த்தம்.

இப்படிப் பார்த்தால் மதுரைச் சீமை முழுக்க நாயக்கனூர்கள்தான். எங்களுக்குத் தெற்கே எரசக்கநாயக்கனூர். உசிலம்பட்டிப் பக்கம் தொட்டப்பநாயக்கனூர். கொடைக்கானல் ரோடு ஸ்டேஷனில் இறங்கினால் அம்மையநாயக்கனூர். கோயம்புத்தூரில் பெரியநாயக்கன்பாளையம், நரசிம்மநாயக்கன்பாளையம். அந்த அம்மா கண்ணில் எங்கள் ஊர் பட்டது தற்செயல். இன்னும் கொஞ்சம் வடக்கே நகர்த்தியிருந்தால் அம்மையநாயக்கனூருக்கு டிக்கெட் போட்டிருப்பார்.

அடுத்த சிக்கல் இதைவிடப் பெரிது. நாயக்கர் என்று போட்டுக்கொண்டவர்கள் எல்லாரும் ஒரே சமூகம் இல்லை. கம்பளத்தார் உண்டு, கம்மவார் உண்டு, பலிஜர் உண்டு. ஈரோட்டில் பெரியார் குடும்பம் கன்னடம் பேசியது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் போனால் தமிழ் பேசும் வன்னியர்களுக்கும் நாயக்கர்தான் பட்டம். வீட்டில் தெலுங்கு, கன்னடம், தமிழ் என்று மூன்று மொழி பேசுகிறவர்கள், ஒருவருக்கொருவர் பெண் கொடுத்து எடுக்காதவர்கள், ஒரே பட்டத்தை வைத்திருக்கிறார்கள். படைத்தலைவன் என்ற பெருமையை யாருக்குத்தான் விட மனசு வரும்? ஆகவே பெயர் ஒன்று என்பதால் ரத்தம் ஒன்று என்று எவராவது பெருமை பேசினால், கொஞ்சம் பொறுங்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

இதே சொல் மலைக்கு அந்தப் பக்கம் என்ன ஆனது என்று பாருங்கள். போடியிலிருந்து முந்தல் தாண்டி, பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறினால் போடிமெட்டு. அதற்கப்புறம் கேரளம், பூப்பாறை, சாந்தன்பாறை, கண்ணுக்கு எட்டின வரைக்கும் ஏலக்காய். கீழே நாயக்கர் என்றிருந்தது மேலே நாயர் ஆகிவிடுகிறது. நாயரும் நாயகன் என்ற சொல்லிலிருந்தே வந்தது என்று மொழி அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள், மாற்றுக் கருத்தும் உண்டு. தெலுங்கின் நாயுடு, கன்னட, ஒடிய நாயக், கோவாவின் நாயக் எல்லாம் இதே வேர். இந்திய ராணுவத்தில் கையில் இரண்டு பட்டை போட்டவருக்கு இன்றைக்கும் நாயக் என்றுதான் பெயர், அங்கே மட்டும்தான் சொல் தன் பழைய வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இலங்கையிலும் இரண்டு தனித்தனிக் கதைகள். 1739இல் கண்டி அரசன் நரேந்திரசிங்கன் வாரிசில்லாமல் இறக்க, மதுரையிலிருந்து போன அரசியின் சகோதரன் ஸ்ரீ விஜய ராஜசிங்கனாக அரியணை ஏறினான். அங்கிருந்து 1815 வரை நான்கு நாயக்க அரசர்கள். கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை ஆங்கிலேயர் வேலூருக்குக் கொண்டுவந்து வைத்தார்கள், 1832இல் இங்கேதான் இறந்தான். ஆனால் சேனநாயக்க, திசாநாயக்க என்ற சிங்களப் பெயர்களைப் பார்த்து 'அட, நம்மாளுங்க' என்று சிலர் எழுதுகிறார்கள். அது தப்பு. சிங்களத்திலும் நாயக்க என்றால் தலைவன்தான், பௌத்த மடத்தின் தலைமைப் பிக்குவும் மகாநாயக்கர்தான். சொல் பொது, சொந்தம் பொது இல்லை.

சரி, டர்பனுக்கு வருவோம். 1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து போன ட்ரூரோ என்ற கப்பல் டர்பன் துறைமுகத்தில் நின்றது. அதிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,000க்கும் மேல். இவர்களில் அநேகம் பேருக்கு நாம் இன்று நினைக்கிற மாதிரி குடும்பப் பெயர் கிடையாது. முனியன், தகப்பன் பெயர் சின்னப்பன், அவ்வளவுதான். வெள்ளைக்கார அலுவலகத்துக்கோ குடும்பப் பெயர் வேண்டும். பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும்போதும், கல்யாணத்தைப் பதியும்போதும் சிலர் தகப்பன் பெயரைக் கொடுத்தார்கள், சிலர் சாதிப் பட்டத்தைக் கொடுத்தார்கள். முதலி 'மூட்லி' ஆனது, கவுண்டர் 'கோவெண்டர்' ஆனது, நாயுடு 'நாயுடூ' ஆனது. ஊரில் மரியாதைக்கு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்த வால், அங்கே சட்டப்படி பேரனுக்கும் கொள்ளுப்பேரனுக்கும் இறங்குகிற பெயராகிவிட்டது. 1903க்குப் பின் தென்னிந்தியர்கள் போன பிஜித் தீவிலும் இதே கதைதான், அங்கேயும் நாயக்கர்கள் இருக்கிறார்கள்.

அங்கே அது ஒட்டிக்கொண்ட அதே காலத்தில் இங்கே அது கழன்றுகொண்டிருந்தது. 1927 டிசம்பரில் ஈ.வெ.ராமசாமி தன் குடிஅரசு இதழில் பெயருக்குப் பின்னாலிருந்த நாயக்கரை எடுத்துவிட்டார். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு எல்லாரும் சாதிப் பட்டத்தை விட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1970களின் கடைசியில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சென்னைத் தெருப்பலகைகளில் இருந்தும் சாதி வால்கள் வெட்டப்பட்டன. சௌகார்பேட்டையின் கோவிந்தப்ப நாயக்கன் தெரு பலகையில் சுருங்கியது, பேச்சில் சுருங்கவில்லை. டர்பனிலோ நேர் எதிர்: நகரத்தின் நடுவில் பைன் ஸ்ட்ரீட்டாக இருந்த சாலை இப்போது மான்டி நாயக்கர் சாலை. 1945இல் நேட்டால் இந்தியக் காங்கிரஸின் தலைமைக்கு வந்து, 1947இல் டாக்டர் சூமா, டாக்டர் தாதூவோடு சேர்ந்து 'மூன்று டாக்டர்கள் ஒப்பந்தத்தில்' கையெழுத்துப் போட்டவர் அவர். இனவெறி அரசு 1956இல் தேசத்துரோக வழக்கில் மண்டேலாவோடு கைது செய்தவர்களில் அவரும் ஒருவர். நாம் சாதி என்று அழித்த அதே எழுத்துகள் அங்கே சாதியை எதிர்ப்பது போலவே நிறவெறியை எதிர்த்த ஒருவரின் பெயராக நிற்கின்றன. அந்த ஊரில் அதைப் படிக்கிறவர்களுக்குச் சாதி ஞாபகமே வராது. இதில் எது சரி என்று என்னைக் கேட்டால், இரண்டுமே அந்தந்த இடத்தில் சரி.

எங்கள் வீட்டிலேயே இது நடந்திருக்கிறது. தாத்தாவின் நிலப் பத்திரத்தில் பெயருக்குப் பின்னால் நாயக்கர் இருக்கிறது. அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் இல்லை. சேர்த்துவிடப் போன தாத்தாவே 'அது வேணாம் சார், பேரு மட்டும் போதும்' என்று சொன்னதாக அப்பா சொல்வார். எனக்கு ஒரு இனிஷியல். வெளிநாட்டில் இருக்கிற என் மகனுக்கு அவன் விண்ணப்பங்களில் குடும்பப் பெயராக என் பெயர்தான் ஓடுகிறது, தபால்காரர் அவனை என் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். நூறு வருஷத்துக்குப் பிறகு அவன் கொள்ளுப்பேத்தி என் பெயரில் ஒரு ஊர் இருக்கிறதா என்று தேடக்கூடும்.

அந்த அம்மாவுக்கு எழுதினேன்: பெயரை விடுங்க, கப்பல் பதிவேட்டைப் பிடிங்க. நேட்டாலுக்குப் போன ஒவ்வொருவருக்கும் ஒரு எண் உண்டு. அதற்கு நேராகப் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதியிருப்பார்கள். பெயர் மறைத்ததைப் பதிவேடு காட்டும். அதோடு இன்னொன்றும் சொன்னேன். அந்தக் காலத்தில் மதுரை ஜில்லாக்காரன் பஞ்சத்துக்குத் தப்ப நினைத்தால் அவனுக்குப் பக்கத்திலேயே இலங்கை இருந்தது. எங்கள் ஊர்க்காரனுக்கு அதையும்விடப் பக்கத்தில் மலை இருந்தது, ஏலத்தோட்டம் இருந்தது. நேட்டால் கப்பலுக்கு ஆள் நிறையப் போனது வட ஆற்காடு, செங்கல்பட்டு மாதிரி வட ஜில்லாக்களிலிருந்து.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. பாட்டியின் பழைய காகிதங்களுக்குள் எண் கிடைத்திருக்கிறது. பதிவேட்டில் கொள்ளுத்தாத்தாவுக்கு ஒற்றைப் பெயர்தான், நாயக்கர் இல்லை. சாதிக்கு நேரே 'வன்னியா'. செங்கல்பட்டு ஜில்லா, மதுராந்தகம் தாலுகா. கிராமத்தின் பெயர் வெள்ளைக்கார எழுத்தில் சிதைந்திருந்ததால் அதைக் கண்டுபிடிக்க இன்னும் இரண்டு வாரம் ஆனது. இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு என்று இருந்ததாம். 'அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்' என்று எழுதியிருந்தார்.

மார்கழியில் வந்தார். மதுராந்தகத்துக்குத்தான் முதலில் போனார். அங்கே சொந்தம் என்று யாரையும் கண்டுபிடிக்க முடியவில்லை, ஏரிக்கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுக் கொஞ்சம் மண் எடுத்துக்கொண்டாராம். அப்புறம், 'இவ்வளவு தூரம் வந்தாச்சு, என் பெயர் இருக்கிற ஊரையும் பார்த்துவிடுகிறேன்' என்று சென்னையிலிருந்து ரயிலேறிவிட்டார். மீட்டர்கேஜ் போய், பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் வண்டியே இல்லாமல் கிடந்து, 2023 ஜூனில்தான் எங்கள் ஊருக்கு மறுபடி ரயில் வந்தது. காலையில் ஸ்டேஷனுக்குப் போய் நின்றேன். இறங்கினதும் பெட்டியைக்கூட எடுக்காமல் மஞ்சள் பலகையின் கீழே போய் நின்றுகொண்டு, பேரனைப் படம் எடுக்கச் சொன்னார். பிறகு என்னைக் கூப்பிட்டு, தமிழ் எழுத்தில் அவர் பெயர் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கேட்டார். கையை நீட்டி 'நா'வைக் காட்டினேன்.