பீர் வெறும் தண்ணீரா? ஊற்றிக் கொடுப்பவர் அறிந்த கணக்கு

"பீர்தான் குடித்தேன். அது வெறும் தண்ணீர் மாதிரி!"

இப்படிச் சொல்லிக் கொண்டு வீட்டுக்கு வருகிறவர்கள் பலர். வீட்டில் இருப்பவர்களும் அதை நம்பி விடுகிறார்கள்.

ஆனால், நம்பாத ஒருவர் உண்டு. மதுக்கூடத்தில் மேஜைக்குப் பின்னால் நின்று ஊற்றிக் கொடுப்பவர்தான் அவர். பெரிய ஓட்டல்களில் அவரைப் 'பார்டெண்டர்' என்று அழைக்கிறார்கள்.

புட்டியின் மேல் ஒட்டியிருக்கும் பெயர் அவருக்குப் பெரிதல்ல. உள்ளே ஆல்கஹால் எவ்வளவு இருக்கிறது? அதைத்தான் அவர் பார்க்கிறார். போதை தரும் பொருளின் பெயர்தான் ஆல்கஹால். பீர், ஒயின், பிராந்தி எல்லாவற்றிலும் இருப்பது அந்த ஒரே பொருள்தான்!

ஒரு பாளை, நான்கு முடிவு

இதைப் புரிந்து கொள்ள வெளிநாடு போக வேண்டியது இல்லை. நெல்லைச் சீமையில் உள்ள களக்காட்டுக்குப் போனால் போதும்.

களக்காடு மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. மலை மேல் புலிகள் காப்பகம். மலைக்குக் கீழே நெல்வயலும் வாழைத் தோட்டமும். அங்கிருந்து கிழக்கே நாங்குநேரி, திசையன்விளை என்று கடலை நோக்கிப் போகப் போக, ஈரம் குறையும். பனை மரங்கள் கூடும்.

பனையேறி மரத்தின் உச்சிக்குப் போய்ப் பாளையைச் சீவுகிறார். கலயத்தைக் கட்டுகிறார். சொட்டுச் சொட்டாகச் சாறு வடிகிறது.

கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால், அந்தச் சாறு பதநீர். 'பதனி' என்பது ஊர்ப் பேச்சு. குழந்தைகளும் குடிக்கலாம். அதை அடுப்பில் ஏற்றிக் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி ஆற வைத்தால் கருப்பட்டி.

சுண்ணாம்பு தடவாவிட்டால் என்ன ஆகும்? காற்றிலும் கலயத்திலும் கண்ணுக்குத் தெரியாத ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் இருக்கிறது. அது சாற்றில் உள்ள சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. சில மணி நேரத்தில் நுரை பொங்கும். அதுதான் கள்!

கள்ளை மேலும் வைத்திருந்தால் புளித்துக் காடியாகி விடும். கள்ளைக் காய்ச்சி, ஆவியைக் குளிர வைத்து வடித்தால் சாராயம்.

பதநீர், கள், காடி, சாராயம். ஒரே பாளையின் சாறு, நான்கு முடிவு!

மூன்று சாதி

உலகத்தில் உள்ள மதுவகைகளை எல்லாம் இதே முறையில் பிரித்து விடலாம்.

பீர் என்பது வாற்கோதுமையை முளைக்கவிட்டு, உலர்த்தி, வேக வைத்து, புளிக்க வைத்தது. கசப்புக்காக ஹாப்ஸ் என்ற கொடியின் பூவைச் சேர்க்கிறார்கள். நூறு பங்கில் சுமார் 5 பங்கு ஆல்கஹால். நம் ஊர்க் கள்ளும் ஏறக்குறைய இந்த அளவுதான்.

ஒயின் என்பது திராட்சைச் சாற்றைப் புளிக்க வைத்தது. தோலோடு புளிக்க வைத்தால் சிவப்பு ஒயின். தோலை நீக்கினால் வெள்ளை. இதில் நூறில் சுமார் 12 பங்கு ஆல்கஹால். ஒயின் தமிழருக்குப் புதியது அல்ல. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் ரோமாபுரி நாட்டு ஒயின் சாடிகளின் உடைசல்கள் கிடைத்திருக்கின்றன.

மூன்றாவது சாதி, காய்ச்சி வடித்தது. விஸ்கி, பிராந்தி, ரம் எல்லாம் இதில் அடங்கும். தண்ணீர் 100 டிகிரி சூட்டில் கொதிக்கிறது. ஆல்கஹால் 78 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகி விடும். அந்த ஆவியைப் பிடித்துக் குளிர வைத்தால் கடுமையான சரக்கு கிடைக்கும்.

இந்தியாவில் விற்கும் விஸ்கி, பிராந்திப் புட்டிகளில் '42.8' என்று போட்டிருப்பதைக் காணலாம். அது ஏன்? பழைய காலத்து ஆங்கிலேயர், சரக்கின் வீரியத்தைச் சோதிக்க வெடிமருந்தின் மேல் அதை ஊற்றித் தீ வைத்துப் பார்ப்பார்களாம். பற்றிக் கொண்டால் தேறியது! பின்னாளில் அந்த அளவு 57.1 என்று கணக்கிட்டார்கள். அதில் முக்கால் பங்குதான் 42.8. வெள்ளைக்காரர் போய்விட்டார். அவருடைய கணக்கு மட்டும் புட்டியில் நிற்கிறது!

கணக்குப் போடுங்கள்

இப்போது பார்டெண்டரின் கணக்கைப் பார்ப்போம். பள்ளிக்கூடப் பிள்ளைகூடப் போட்டு விடலாம்.

ஒரு பெரிய பீர்ப் புட்டி 650 மில்லி. நூறில் 5 பங்கு என்றால், உள்ளே இருக்கும் ஆல்கஹால் சுமார் 32 மில்லி.

ஒரு 'லார்ஜ்' பிராந்தி 60 மில்லி. நூறில் 42.8 பங்கு என்றால், ஆல்கஹால் சுமார் 26 மில்லி.

பார்த்தீர்களா? 'வெறும் தண்ணீர்' என்று சொன்ன பீரில்தான் அதிகம்! 'ஸ்ட்ராங்' என்று விற்கும் பீரில் நூறில் 8 பங்கு வரை இருக்கும். அப்படியானால் ஒரு புட்டியில் 52 மில்லி. அதாவது, இரண்டு லார்ஜ் பிராந்தி!

ஒரு கோப்பை ஒயின் 150 மில்லி. அதில் 18 மில்லி ஆல்கஹால். ஒரு லிட்டர் கள்ளில் சுமார் 50 மில்லி.

"உடம்புக்கு நல்லது" என்று சிலர் ஒயினையும் கள்ளையும் புகழ்கிறார்கள். ஈரலுக்கு இந்தப் புகழ்ச்சி எல்லாம் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஆல்கஹாலின் அளவு மட்டுமே. எவ்வளவு குறைத்துக் குடித்தாலும் ஆபத்தே இல்லை என்று சொல்லத்தக்க அளவு கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் அறிவித்தது.

நிறுத்தும் கை

நல்ல பார்டெண்டரின் வேலை ஊற்றுவது மட்டும் அல்ல. நிறுத்துவதும் அவர் வேலைதான்.

அவரிடம் 30 மில்லி, 60 மில்லி அளவுக் கிண்ணம் இருக்கிறது. கண்ணளவில் ஊற்ற மாட்டார். வெறும் வயிற்றில் குடிப்பவருக்குச் சீக்கிரம் ஏறும் என்பது அவருக்குத் தெரியும். இனிப்புப் பானத்தில் கலந்தால் கடுமை நாக்குக்குத் தெரியாது, அளவு மீறிப் போகும் என்பதும் தெரியும். குரல் உயர்வதையும், பேச்சு குழறுவதையும் கவனிப்பார். தண்ணீர்க் கோப்பையை முன்னால் நகர்த்தி வைப்பார். "போதும் ஐயா" என்பார். 21 வயது ஆகாதவருக்குத் தமிழ்நாட்டில் அவர் ஊற்றக் கூடாது.

ஏறியது எப்படி இறங்கும்? மோர், எலுமிச்சை, குளியல், காப்பி எதுவும் பயன்படாது. ஈரல்தான் எரிக்க வேண்டும். ஒரு லார்ஜ் இறங்க இரண்டு முதல் மூன்று மணி நேரம் ஆகும்.

நிறுத்த ஆள் எங்கே?

இங்கேதான் நம் ஊர்களின் துயரம் இருக்கிறது.

சிற்றூர்களில் பார்டெண்டர் ஏது? கடையில் 'குவார்ட்டர்' வாங்குகிறார்கள். அது 180 மில்லி. பக்கத்தில் உள்ள பாருக்கோ, தோப்புக்கோ போகிறார்கள். பிளாஸ்டிக் டம்ளரில் தாங்களே ஊற்றிக் கொள்கிறார்கள். அளவுக் கிண்ணம் இல்லை. புட்டி காலியாவதே அளவு!

ஒரு குவார்ட்டரில் 77 மில்லி ஆல்கஹால். மூன்று லார்ஜுக்குச் சமம். அது முழுவதும் இறங்க ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரவு 11 மணிக்குக் குடித்தவர், விடியற்காலை 4 மணிக்கு வாழைத்தார் ஏற்றிக் கொண்டு வண்டி ஓட்டினால், போதையோடுதான் ஓட்டுகிறார். தூங்கி எழுந்ததால் தெளிந்து விட்டதாக அவர் நினைக்கிறார். ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால், வண்டி ஓட்டுவது குற்றம்.

திருட்டுச் சாராயம் இன்னும் கொடியது. அதில் மெத்தனால் கலந்திருந்தால், மணத்தாலோ ருசியாலோ கண்டுபிடிக்க முடியாது. ஊற்றுகிற தொழிலில் பழுத்தவராலும் முடியாது. மெத்தனால் கண்ணைக் கெடுக்கும், உயிரைக் குடிக்கும். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தது இதனால்தான்.

திறந்த கதை, மூடிய கதை

தமிழ்நாட்டில் மதுக்கடையைத் திறந்ததும் மூடியதும் பெரிய கதை.

1937 அக்டோபர் 1-ந் தேதி ராஜாஜி மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டு வந்தது. 1948-ல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு பரவியது. 1971-ல் கடைகள் திறந்தன. 1974-ல் மூடின. 1981-ல் மறுபடியும் திறந்தன. 1983-ல் 'டாஸ்மாக்' பிறந்தது. 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்கடையும் சாராயக் கடையும் மூடப்பட்டன. 2003-ல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கைக்கு வந்தது.

இதில் பனையேறியின் பாடு தனி. பதநீர் இறக்கினால் தொழில். கலயத்தில் சுண்ணாம்பு இல்லாவிட்டால் வழக்கு! உயிரைப் பணயம் வைத்து ஏறுகிற அவருடைய பிழைப்பு, ஒரு விரல் சுண்ணாம்பில் நிற்கிறது. நூறில் 5 பங்கு உள்ள கள்ளுக்குத் தடை, 42.8 உள்ள பிராந்திக்குக் கடையா என்று அவர் கேட்கிறார். கள்ளும் குடியைக் கெடுத்ததுதானே என்று பெண்கள் திருப்பிக் கேட்கிறார்கள். இரண்டு கேள்வியிலும் நியாயம் இருக்கிறது.

ஆனால், வீட்டில் இருப்பவர்கள் சட்டம் மாறும் வரை காத்திருக்க வேண்டியது இல்லை. "என்ன குடித்தாய்?" என்று கேட்டால், "பீர்தான்" என்று பதில் வரும். இனி, "எத்தனை மில்லி? நூற்றுக்கு எத்தனை பங்கு?" என்று கேளுங்கள். புட்டியில் அச்சிட்டிருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் எவரும் பெருக்கிப் பார்த்து விடலாம்.

அந்தக் கணக்கில் பொய் சொல்ல முடியாது!