ஆன்டிபாடி எத்தனை நாள் நிற்கும்?

அந்தமானின் ஹேவ்லாக் தீவில் கடலில் இறங்குகிறவர்களுக்குப் பவளப்பாறையில் கால் கீறுவது புதிதல்ல. கீறல் பட்டவர் கேட்கும் முதல் கேள்வி இது: "போன வருஷம்தான் டிடி ஊசி போட்டேன். மறுபடி போடணுமா?"

வேண்டாம். டெட்டனஸ் தடுப்பூசியின் ஆரம்பத் தவணைகளை ஒழுங்காக முடித்தவருக்கு, சுத்தமான சிறு காயமென்றால் கடைசி ஊசி போட்டுப் பத்து ஆண்டு வரை கவலையில்லை. அழுக்கான, ஆழமான காயமென்றால் ஐந்து ஆண்டு. சரி, டெட்டனஸுக்குப் பத்து ஆண்டு தாங்கும் பாதுகாப்பு, கோவிட் தடுப்பூசியில் மட்டும் ஏன் சில மாதங்களிலேயே "குறைந்துவிட்டது" என்று செய்தியானது? இரண்டும் கிருமியை எதிர்க்க உடம்பு செய்கிற ஆன்டிபாடிதானே?

ஏறுவதும் இறங்குவதும்

ஒரு கிருமியோ தடுப்பூசியோ முதல்முறை உடம்புக்குள் போனதும், ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஐஜிஎம் என்ற முதல் வகை ஆன்டிபாடி ரத்தத்தில் தென்படும். இரண்டாவது வாரத்தில் ஐஜிஜி வரும். மூன்று, நான்கு வாரங்களில் அளவு உச்சத்தைத் தொடும். அதற்குப் பிறகு இறக்கம்தான்.

இந்த இறக்கத்தைப் பார்த்துத்தான் பலரும் பயப்படுகிறார்கள். ஆனால் அது கோளாறு அல்ல, ஏற்பாடு. முதல் அலையில் ஆன்டிபாடியைச் சுரந்து தள்ளிய செல்களில் பெரும்பாலானவை சில வாரங்களில் மடிந்துவிடும். ஐஜிஜியின் ஆயுளும் குறைவு. மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாதியாகும். புதிதாக எதுவும் சுரக்காவிட்டால் பன்னிரண்டு வாரத்தில் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். வந்து போன ஒவ்வொரு கிருமிக்கும் உச்ச அளவிலேயே ஆன்டிபாடி நின்றால் ரத்தம் குழம்பாகிவிடும்!

ஆனாலும் அளவு பூஜ்யத்துக்குப் போவதில்லை. கொஞ்சம் செல்கள் எலும்பு மஜ்ஜைக்குள் குடியேறி, ஆண்டுக்கணக்கில் சிறிதளவு சுரந்துகொண்டே இருக்கும். மழைவெள்ளம் வடிந்த பிறகும் ஊற்று நிற்காத கிணறு மாதிரி. லேசான கோவிட் வந்து குணமானவர்களின் எலும்பு மஜ்ஜையில், ஏறக்குறைய பதினோரு மாதம் கழித்தும் அத்தகைய செல்கள் இருந்ததை அமெரிக்காவின் செயின்ட் லூயி நகர ஆய்வாளர்கள் 2021இல் காட்டினார்கள். இவை தவிர நினைவு செல்களும் உண்டு. அவை சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். அதே கிருமி மறுபடி வந்தால் சில நாட்களிலேயே பெருகி ஆன்டிபாடியைக் கொட்டும். லேபில் எடுக்கும் ஆன்டிபாடி பரிசோதனை இந்த நினைவு செல்களை எண்ணுவதில்லை.

ஒரு தீவின் தட்டம்மை, இன்னொரு தீவின் தட்டம்மை

ஆன்டிபாடி எத்தனை காலம் நிற்கும் என்பதை முதலில் சொல்லிக்கொடுத்தவை தீவுகள்தான். வடக்கு அட்லாண்டிக்கில் இருக்கும் ஃபேரோ தீவுகளில் 1781இல் தட்டம்மை வந்தது. பிறகு 65 ஆண்டுகள் எட்டிப் பார்க்கவில்லை. 1846இல் மறுபடி வந்தபோது ஏறக்குறைய எட்டாயிரம் பேரில் ஆறாயிரம் பேரைப் படுக்க வைத்தது. பார்க்கப் போன டென்மார்க் மருத்துவர் பீட்டர் பானும் என்பவர் ஒன்றைக் கவனித்தார்: 1781இல் தட்டம்மை கண்ட முதியவர்களில் ஒருவருக்கும் இந்த முறை வரவில்லை.

அந்தமானில் நடந்தது இதன் மறுபக்கம். 1877இல் போர்ட் பிளேர் குடியேற்றத்திலிருந்து பரவிய தட்டம்மை, பழங்குடியினரான கிரேட் அந்தமானியர்களிடையே பெரும் உயிர்ச்சேதம் செய்தது. அதுவரை அந்தக் கிருமியைக் காணாத உடம்புகள். நினைவு என்று எதுவும் இல்லை. அந்தமானின் இன்னொரு பழங்குடியினரான ஜாரவாக்களிடையேயும் தட்டம்மை 1999இலும் 2006இலும் பரவியது.

ஆன்டிபாடி நிற்கும் காலத்துக்கு 2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு எண் கொடுத்தது. டெட்டனஸ் ஆன்டிபாடி பாதியாகக் குறைய 11 ஆண்டு, டிப்தீரியாவுக்கு 19 ஆண்டு, தட்டம்மைக்கோ 200 ஆண்டுக்கும் மேல். அதாவது மனித ஆயுளுக்குள் குறையவே குறையாது என்று வைத்துக்கொள்ளலாம்.

நிக்கோபாரும் மஞ்சள் காமாலையும்

எனக்கு இந்த விஷயத்தில் மிக முக்கியமாகப் படுவது, மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் பி. நிக்கோபாரியர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் இந்த வைரஸைச் சுமந்திருப்பதைப் போர்ட் பிளேரில் உள்ள ஐசிஎம்ஆர் வட்டார மருத்துவ ஆராய்ச்சி மையம் கண்டறிந்தது. பிறகு கார் நிக்கோபாரில் தொற்று இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி போட்டு, பத்தாண்டு கழித்து அவர்களை மறுபடி பரிசோதித்தது.

ஹெபடைடிஸ் பி-க்கு ஆன்டிபாடி அளவு 10 அலகுக்கு மேல் இருந்தால் பாதுகாப்பு என்பது உலகக் கணக்கு. ஆண்டுகள் போகப் போகப் பலருக்கு இந்த எண் 10க்குக் கீழே இறங்கிவிடும். ஆனாலும், முதலில் அந்த அளவைத் தொட்ட ஆரோக்கியமானவர்களுக்கு பூஸ்டர் தேவையில்லை என்பதே பல நாடுகளில் நீண்ட காலம் பின்தொடர்ந்து கண்ட முடிவு. காரணம் வைரஸின் நிதானம். அது உள்ளே புகுந்து நோயாக மாற ஒன்றரை மாதம் முதல் ஆறு மாதம் ஆகும். நினைவு செல்கள் விழித்துப் படை திரட்ட ஒரு வாரம் போதும்.

கோவிட் ஏன் வேறு?

கொரோனா வைரஸ் அத்தனை நாள் காத்திருப்பதில்லை. ஓமிக்ரான் மூன்று நாளில் மூக்கிலும் தொண்டையிலும் வேலையைக் காட்டிவிடும். நினைவு செல்கள் எழும்போது காய்ச்சல் வந்துவிட்டிருக்கும். அதனால் தொற்றையே தடுக்க அந்த நேரத்தில் கையிருப்பில் இருக்கும் ஆன்டிபாடி வேண்டும்; அது மாதங்களில் குறைகிறது, வைரஸும் உருமாறுகிறது. நுரையீரலுக்கு இறங்கி உயிருக்கு ஆபத்தாக இன்னும் சில நாள் ஆகும் என்பதால், அந்தக் கட்டத்தில் நினைவு செல்களும், தொற்றிய செல்களை அழிக்கும் டி செல்களும் கைகொடுக்கின்றன. தொற்றிலிருந்து பாதுகாப்பு குறைந்தும் மரணத்திலிருந்து பாதுகாப்பு நின்றது இதனால்தான்.

ஆன்டிபாடி குறைவது கண்கூடாகத் தெரிந்தது தமிழ்நாட்டில். 2020 அக்டோபர், நவம்பரில் மாநிலம் முழுக்க ரத்த மாதிரி எடுத்தபோது மூன்றில் ஒருவருக்கு அருகில் ஆன்டிபாடி இருந்தது. 2021 ஏப்ரலில் எடுத்தபோது அந்த விகிதம் ஏறுவதற்குப் பதில் இறங்கியிருந்தது. தொற்றியவர்கள் எங்கும் போய்விடவில்லை. பலருடைய அளவு பரிசோதனை பிடிக்கும் வரம்புக்குக் கீழே போனதே காரணமாக இருக்க வேண்டும். இரண்டாம் அலைக்குப் பிறகு மூன்றில் இருவரிடம் தென்பட்டது.

அந்தமானில் 2020 ஆகஸ்டில் ஐம்பது பேர் அளவே எஞ்சிய கிரேட் அந்தமானியர்களில் பத்துப் பேருக்குத் தொற்றியபோது நாடே பதறியது, அவர்கள் குணமானார்கள். 800 கிலோமீட்டர் நீளத்தில் சிதறிய தீவுகளுக்குப் படகில் ஊசி கொண்டுபோய், 2021 டிசம்பரில் இரண்டு தவணையும் முழுமையாக முடித்ததாக நிர்வாகம் அறிவித்தது. குறையும் ஆன்டிபாடியை மறுபடி ஏற்ற, ஓமிக்ரான் பரவிய 2022 ஜனவரி 10இல் முன்னெச்சரிக்கைத் தவணை (பூஸ்டர்) தொடங்கியது. இரண்டாம் தவணைக்குப் பிறகு முதலில் ஒன்பது மாத இடைவெளி, அந்த ஜூலையில் ஆறு மாதம்.

டெங்குவில் கணக்கு தலைகீழ்

ஆன்டிபாடி இருந்தாலே நல்லது என்று எண்ண வேண்டாம். டெங்கு அந்தமானிலும் உண்டு. ஒரு வகை டெங்கு வந்துபோய், அதன் ஆன்டிபாடி நடுத்தர அளவுக்கு இறங்கிய நிலையில் வேறு வகை தாக்கினால் நோய் கடுமையாகலாம். நிக்கராகுவா குழந்தைகளிடம் இதை ஆய்வாளர்கள் 2017இல் உறுதி செய்தார்கள். முன்பு டெங்கு வந்தவர்கள் இரண்டாவது காய்ச்சலை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

பரிசோதனை யாருக்கு?

கோவிட் ஆன்டிபாடி எண்ணுக்காக லேபில் காசு கொடுப்பது வீண் என்பது என் கருத்து. ஒரு லேபின் அலகு இன்னொரு லேபில் செல்லாமல் போகலாம். இத்தனை இருந்தால் பாதுகாப்பு என்ற ஒப்புக்கொண்ட வரம்பும் இல்லை. மருத்துவமனையில் வேலை செய்கிறவர்கள் ஹெபடைடிஸ் பி மூன்றாம் தவணைக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ஒருமுறை அளவு பார்க்கலாம். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு நினைவு செல்களை நம்பியிருக்க முடியாது. அவர்கள் ஆண்டுதோறும் பார்த்து, 10க்குக் கீழே இறங்கினால் பூஸ்டர் போட வேண்டும். உங்கள் வீட்டில் டயாலிசிஸ் போகிறவர் இருந்தால், கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று அடுத்த முறை டாக்டரிடம் கேளுங்கள்.