தோலுக்குப் பந்தல் போடும் இறப்பர்

1876ல் கம்பஹா, ஹெனரத்கொடவில் நட்ட கன்றுகளோடு இலங்கைக்கு வந்தது இறப்பர். விடியற்காலையில் பட்டை சீவிப் பால் எடுக்கும் பெண்கள் களுத்துறை, கேகாலைத் தோட்டங்களில் இன்றும் உள்ளனர். அந்த இறப்பரைக் கொண்டு, எரிகாயத்தில் அழிந்த தோல் மீண்டும் வளரப் பிடிமானம் செய்ய விஞ்ஞானிகள் முயல்கின்றனர்.

இறப்பரையும், உடலுக்குள் மெல்லக் கரையும் பொலிலக்ரிக் அமிலம் போன்ற பொலிமரையும் சேர்த்துக் கரைத்து ஊசிக்குழாயில் இடுவர். ஊசிமுனைக்குப் பல ஆயிரம் வோல்ற் மின்னழுத்தம் கொடுத்தால், கரைசல் தலைமயிரிலும் மெல்லிய நூலாகப் பாய்ந்து, எதிரேயுள்ள தகட்டில் வலைபோலப் படியும். பந்தலில் பாகற்கொடி ஏறுவதுபோல், கலங்கள் அதைப் பற்றிப் பெருகும். அந்தப் பொலிமர் தனியே என்றால் முறியும். இறப்பர் சேர்ந்தால் தோல்போல இழுபடும்.

ஆனால் இறப்பர் உடலில் இலகுவில் கரையாது. பாலிலுள்ள புரதங்களோ சிலருக்கு ஒவ்வாமை தரும். அவற்றை முதலில் நீக்கவேண்டும். ஆகவே இது இன்னும் ஆய்வுகூட வேலைதான். இதன் பேரில் யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். பச்சைப் பாலைக் காயத்தில் பூசவும் கூடாது.

இறப்பர்க் கையுறையோ பலூனோ பட்டால் உங்களுக்குக் கடியோ வீக்கமோ வருகிறதா? பிரசவத்துக்கோ சத்திரசிகிச்சைக்கோ போகும்போது தாதியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இறப்பர் கலக்காத கையுறைகளும் உண்டு.